ஸ்பின் வகுப்பா, டிரெய்னரா, சாலையேவா: நீங்கள் எங்கே பின்தங்குகிறீர்கள்?

வார இறுதியில் சாலையில் சைக்கிள் ஓட்டுகிறீர்கள். வார நாட்களில் காலையில் நேரம் கிடைப்பதில்லை, மாலையில் இருட்டிவிடுகிறது, நடுவில் மழை வேறு. இன்னும் நன்றாக ஓட்ட வேண்டும் என்று யாரிடமாவது சொன்னால் ஒருவர், "ஜிம்மில் ஸ்பின் கிளாஸ் இருக்கிறதே, நகராத சைக்கிளில் பலர் சேர்ந்து மிதிக்கிற வகுப்பு, அதில் சேர்ந்துவிடுங்கள்" என்பார். இன்னொருவர், "அது பாட்டுப் போட்டு ஆடுகிற இடம். உங்கள் சைக்கிளையே மாட்டி மிதிக்கிற ஸ்மார்ட் டிரெய்னர் ஒன்று வாங்கி வீட்டிலேயே மிதியுங்கள்" என்பார். மூன்றாமவர் சாலையில் ஓட்டுவதைச் சாலையில்தான் கற்க முடியும் என்று ஒரே வரியில் முடித்துவிடுவார். மூன்று பேர் சொல்வதிலும் உண்மை இருக்கிறது. ஆனால் மூவரும் வெவ்வேறு கேள்விகளுக்குப் பதில் சொல்கிறார்கள்.

என் முடிவை முதலிலேயே வைத்துவிடுகிறேன். வாரத்தில் ஒரே ஒரு கடினமான பயிற்சிக்குத்தான் இடம் இருக்கிறது, அதைத் தனியாகச் செய்ய மனம் ஒத்துழைப்பதில்லை என்றால் வகுப்பு நல்ல தேர்வு. வாரத்தில் இரண்டு முறையோ அதற்கு மேலோ உள்ளேயே மிதிக்கப் போகிறீர்கள் என்றால் டிரெய்னர்தான் சரி. சாலைக்கே புதியவர் என்றால் இரண்டையும் தள்ளிவைத்துவிட்டுச் சில மாதங்கள் வெளியே ஓட்டுங்கள். வார இறுதியின் நீண்ட பயணத்துக்குப் பதிலாக மட்டும் எதையும் வைக்காதீர்கள்.

இதில் உங்களுக்கு எது பொருந்தும் என்பது, சாலையில் நீங்கள் எங்கே பின்தங்குகிறீர்கள் என்பதைப் பொறுத்தது.

ஏற்றமும் சமதளமும் ஒன்றல்ல

ஓட்டுபவரும் சைக்கிளும் சேர்ந்து 80 கிலோ என்று வைத்துக்கொள்வோம். 6 சதவீத ஏற்றத்தில் மணிக்கு 10 கி.மீ. வேகத்தில் ஏற ஏறத்தாழ 150 வாட் வலு தேவை. அதில் பெரும்பங்கு அந்த 80 கிலோவை மேலே தூக்குவதற்கே போய்விடுகிறது. அவ்வளவு குறைந்த வேகத்தில் காற்றின் எதிர்ப்பு பொருட்படுத்தும் அளவில் இருக்காது. ஆகவே உங்கள் வலு 10 சதவீதம் கூடினால் வேகமும் கிட்டத்தட்ட அதே அளவு கூடும். 5 கி.மீ. ஏற்றத்தை 30 நிமிடத்தில் முடித்தவர் 27 நிமிடம் சொச்சத்தில் மேலே போய்விடுவார். கூட ஏறுகிறவர்களுக்கும் உங்களுக்கும் கண்ணுக்குத் தெரிகிற வித்தியாசம் அது.

சமதளத்தில் கதை வேறு. மணிக்கு 30 கி.மீ. வேகத்தில் உங்கள் உழைப்பின் பெரும்பகுதியைக் காற்றுதான் தின்கிறது. காற்றை எதிர்க்கத் தேவையான வலு வேகத்தின் மும்மடிக்கு ஏற்பக் கூடுகிறது, அதாவது வேகம் இரட்டிப்பானால் வலு எட்டு மடங்கு வேண்டும். அதனால் அதே 10 சதவீதக் கூடுதல் வலுவைக் கொடுத்தால் 30 என்பது 31 ஆகும். அவ்வளவுதான். ஆனால் முன்னால் போகிறவரின் பின்சக்கரத்தை நெருங்கி, அவர் மறைவில் ஓட்டத் தெரிந்தால் தேவைப்படும் வலு கால் பங்கோ அதற்கு மேலோ குறைந்துவிடும். ஏற்கெனவே ஓட்டிக்கொண்டிருப்பவருக்கு அவ்வளவு வலுவைக் கூட்டித் தர எந்த வகுப்பாலும் டிரெய்னராலும் சுலபத்தில் முடியாது.

இறக்கத்தில் வளைவு வந்ததும் பயந்து பிரேக்கை அழுத்துகிறவருக்கு வலுவே பிரச்சினை இல்லை. 80 கி.மீ. பயணத்தில் கடைசி 20 கி.மீ.யில் கால் ஓய்ந்துபோகிறவருக்கு 45 நிமிட வகுப்பு எதையும் பெரிதாக மாற்றாது. அவருக்கு நீண்ட நேரம் மிதித்துப் பழகிய கால் வேண்டும், போகிற வழியில் சாப்பிடுகிற பழக்கமும் வேண்டும்.

ஆக, ஏற்றத்தில் பின்தங்குகிறவருக்குத்தான் உள்ளரங்கப் பயிற்சி நேரடியாக உதவும். சமதளத்தில் குழுவிலிருந்து அறுந்துபோய்ப் பின்னால் தங்கிவிடுகிறவருக்கு ஓரளவு உதவும். வளைவில் தயங்குகிறவருக்கு உதவவே உதவாது. இதைக் கேட்காமலேயே வகுப்பில் சேர்ந்துவிட்டு, மூன்று மாதம் கழித்து "ஒன்றும் மாறவில்லையே" என்று சொல்கிறவர்கள் நிறைய.

அறைக்குள் மிதித்து சாலையில் ஜெயித்தவர்கள்

உள்ளே மிதித்த வலு வெளியே வராது என்று இன்னமும் சொல்கிறவர்களுக்கு மேத்யூ ஹேமனை நினைவுபடுத்த வேண்டும். ஆஸ்திரேலியத் தொழில்முறை வீரர். 2016 பிப்ரவரி இறுதியில் ஒரு பந்தயத்தில் விழுந்து கை எலும்பு முறிந்தது. சாலையில் ஓட்ட முடியாத அந்த வாரங்களில் வீட்டு கராஜில் டிரெய்னரில் மிதித்தார். ஏப்ரல் 10 அன்று பாரிஸ்-ரூபே பந்தயத்தில் கலந்துகொண்டு பெல்ஜிய வீரர் டாம் பூனனைக் கடைசி ஸ்பிரின்டில் முந்தி ஜெயித்தார். 250 கி.மீ.க்கும் மேலான பந்தயம் அது, அதில் 50 கி.மீ.க்கும் மேல் கருங்கல் பாவிய கரடுமுரடான பாதை.

இந்தக் கதையைச் சொல்கிறவர்கள் பெரும்பாலும் இதோடு நிறுத்திக்கொள்வார்கள். ஆனால் ஹேமனுக்கு அப்போது வயது 37. அந்தப் பந்தயத்தை அவர் ஓட்டியது 15ஆவது முறை. கருங்கல்லில் எங்கே சக்கரத்தை வைப்பது, யார் பின்னால் ஒட்டிக்கொள்வது என்பதெல்லாம் அவருக்கு ஏற்கெனவே கைவந்த கலை. டிரெய்னர் காப்பாற்றியது அவருடைய இதயத்தையும் காலையும்தான்.

ஜே வைனும் இதே வரிசையில் வருகிறார். ஏற்கெனவே போட்டிகளில் ஓட்டிக்கொண்டிருந்த அவர், 2020இல் ஸ்விஃப்ட் என்கிற மெய்நிகர் சைக்கிள் தளம் நடத்திய தேர்வில் ஜெயித்து ஒரு தொழில்முறை அணிக்குள் நுழைந்தார். 2022 ஸ்பெயின் சுற்றுப் பந்தயத்தில் இரண்டு நாள் வெற்றிகள். இரண்டுமே மலை உச்சியில் முடிகிற நாட்கள். மேலே போட்ட கணக்கோடு இது பொருந்திப் போவதைப் பாருங்கள். படகு வலிப்பவரான ஜேசன் ஆஸ்போர்னும், 2020இல் நடந்த முதல் மெய்நிகர் சைக்கிள் உலகப் போட்டியில் ஜெயித்த பிறகு சாலை அணிக்குப் போனார்.

வகுப்பில் உண்மையில் என்ன நடக்கிறது

ஸ்பின் வகுப்பைத் தொடங்கி வைத்ததே ஒரு சாலை ஓட்டக்காரர்தான். தென்னாப்பிரிக்காவில் பிறந்து கலிஃபோர்னியாவில் பயிற்சியாளராக இருந்த ஜானி கோல்ட்பெர்க், அமெரிக்காவைக் குறுக்கே கடக்கும் நெடுந்தூரப் பந்தயத்துக்காகப் பயிற்சி எடுத்த 1980களில் உள்ளேயே மிதிக்க ஒரு சைக்கிளைச் செய்துகொண்டார். 1990களில் ஷ்வின் நிறுவனம் அதை வணிக ரீதியாகத் தயாரிக்க, உலகம் முழுக்க ஜிம்களில் பரவியது. அப்புறம் அது சாலையை விட்டு விலகி வேறு எங்கேயோ போய்விட்டது. இன்று பல வகுப்புகளில் இருட்டறை, வண்ண விளக்கு, மிதித்துக்கொண்டே கையில் சின்ன டம்பெல் தூக்குவது, ஹேண்டில்பாரில் தண்டால் எடுப்பது எல்லாம் உண்டு. இவை எதுவும் சாலையில் உதவாது. கை வேலை நடக்கிற நேரம் முழுக்கக் கால் சும்மா சுற்றிக்கொண்டிருக்கும்.

அந்தச் சைக்கிளின் இயல்பைப் புரிந்துகொண்டால் பாதி வேலை முடிந்த மாதிரி. முன்னால் ஃப்ளைவீல் என்கிற கனமான சுழல்சக்கரம் ஒன்று இருக்கும், பல மாடல்களில் 13 முதல் 20 கிலோ வரை. பெரும்பாலானவற்றில் அது மிதியோடு நேரடியாகப் பிணைக்கப்பட்டிருக்கும். சாலை சைக்கிளில் மிதிப்பதை நிறுத்தினால் சக்கரம் தானாக ஓடும், கால் ஓய்வெடுக்கும். இங்கே நீங்கள் நிறுத்த நினைத்தாலும் சக்கரம் உங்கள் காலைச் சுற்றிக்கொண்டே இருக்கும். எதிர்ப்பை மிகக் குறைத்து நிமிடத்துக்கு 120 சுற்று சுற்றினால் பார்ப்பதற்குப் பெரிய உழைப்பு மாதிரி தெரியும். உண்மையில் சக்கரம்தான் காலை இழுத்துக்கொண்டு போகிறது. சாலையில் அப்படி இழுக்க யாரும் வரமாட்டார்கள்.

ஆனால் இதே சைக்கிளில் குமிழைத் திருகி எதிர்ப்பைக் கூட்டி, நிமிடத்துக்கு 65 முதல் 75 சுற்றில் மிதித்தால் கதை மாறுகிறது. சக்கரம் மெதுவாகச் சுற்றுவதால் அதன் உந்தம் குறைவு. மிதியை ஒவ்வொரு முறையும் நீங்களே தள்ள வேண்டும். செங்குத்தான ஏற்றத்தில் காலுக்குக் கிடைக்கிற உணர்வுக்கு ஸ்பின் சைக்கிள் இவ்வளவுதான் நெருங்கி வரும், அதுவே போதும்.

எழுந்து நின்று மிதிப்பது இன்னொரு விஷயம். சாலையில் எழுந்து நின்றால் சைக்கிள் உங்களுக்குக் கீழே இடமும் வலமும் சாயும், கை அதை இழுத்துச் சமன் செய்யும். ஸ்பின் சைக்கிள் தரையில் ஆணி அடித்தது போல் நிற்கும், உடம்புதான் ஆட வேண்டியிருக்கும். மூச்சுக்கும் தொடைக்கும் பயிற்சிதான், இருந்தாலும் நின்று ஏறும் திறமை இதில் வராது. பாட்டின் தாளத்துக்கு எட்டு எண்ணிக்கை உட்கார்ந்து எட்டு எண்ணிக்கை எழுந்து நிற்கிற பயிற்சியில் முழங்கால்தான் கூடுதலாக வேலை செய்கிறது. நான் அந்த நேரத்தில் உட்கார்ந்தே இருந்துவிடுவேன். யாரும் ஒன்றும் சொல்வதில்லை.

தாளம் பற்றி ஒரு வார்த்தை. நிமிடத்துக்கு 128 தாளம் உள்ள பாட்டில், ஒரு தாளத்துக்கு ஒரு கால் என்று மிதித்தால் 64 சுற்று வரும். சமதளத்தில் நீங்கள் சாலையில் மிதிக்கும் 85, 90 சுற்று வேண்டுமென்றால் 170, 180 தாளம் தேவை. ஒரு பயிற்சியாளர் பாட்டுப் பட்டியலை எப்படி அமைக்கிறார் என்பதைக் கேட்டாலே அவர் சாலையில் ஓட்டுகிறவரா இல்லையா என்று ஓரளவு ஊகித்துவிடலாம்.

இவ்வளவு குறை சொல்லிவிட்டு ஏன் வகுப்பை நல்ல தேர்வு என்கிறேன்? ஏனென்றால் கடினமான இன்டர்வல் பயிற்சியைத் தனியாகச் செய்கிறவர்கள் மிகக் குறைவு. நான்கு நிமிடம் முழு மூச்சோடு மிதிப்பது, மூன்று நிமிடம் லேசாக மிதிப்பது, இப்படி நான்கு சுற்று. காகிதத்தில் எழுத ஒரு வரிதான். வீட்டில் தனியாகச் செய்தால் இரண்டாவது சுற்றின் பாதியிலேயே போன் ஒலிக்காதா என்று தோன்றும். வகுப்பில் பக்கத்தில் ஒருவர் மிதித்துக்கொண்டிருக்கிறார், முன்னால் ஒருவர் நேரம் சொல்லிக்கொண்டிருக்கிறார், காசு வேறு கட்டியாயிற்று. நான்காவது சுற்றையும் முடித்துவிடுவீர்கள். சாலையில் சிக்னலும் இறக்கமும் இடையில் தருகிற ஓய்வும் இங்கே கிடையாது. 45 நிமிடம் என்றால் கால் ஏறத்தாழ 45 நிமிடமும் சுற்றுகிறது. ஏற்றத்தில் பின்தங்குகிறவருக்கு வாரம் ஒரு முறை இப்படி மூச்சை எல்லைக்குக் கொண்டுபோவது நிஜமாகவே பலன் தரும்.

ஆகையால் எந்த வகுப்பு என்பதுதான் கேள்வி. திரையில் வாட் காட்டுகிற சைக்கிள், ஒவ்வொருவரும் தன் அளவுக்கேற்ப மிதிக்கச் சொல்கிற பயிற்சியாளர், மூன்று நிமிடத்துக்குக் குறையாத இன்டர்வல்கள், பெரும்பாலும் உட்கார்ந்தே மிதிப்பது. இப்படி ஒன்று கிடைத்தால் விடாதீர்கள். சேருவதற்கு முன் பயிற்சியாளரிடம் "இன்றைய வகுப்பின் மிக நீளமான இன்டர்வல் எத்தனை நிமிடம்?" என்று கேளுங்கள். பதில் முப்பது விநாடி என்று வந்தாலோ, கேள்வியே அவருக்குப் புரியாவிட்டாலோ வேறு வகுப்பைப் பாருங்கள்.

இன்னொரு எச்சரிக்கையை இங்கேயே சொல்லிவிட வேண்டும். முதல் வகுப்பில் பக்கத்து சைக்கிளோடு போட்டி போடாதீர்கள். பழக்கமில்லாத தொடைத் தசை அளவுக்கு மீறி உழைத்தால் தசை நார்கள் சிதைந்து, அதிலிருந்து வெளியேறும் பொருட்கள் சிறுநீரகத்தைப் பாதிக்கலாம். முதல் ஸ்பின் வகுப்புக்குப் பிறகு இப்படி மருத்துவமனைக்குப் போனவர்கள் பற்றி மருத்துவ இதழ்களில் பதிவுகள் இருக்கின்றன. ஓரிரு நாளில் தொடை கடுமையாக வீங்கி வலித்து, சிறுநீர் அடர் பழுப்பாகப் போனால் வீட்டில் காத்திருக்காமல் உடனே மருத்துவரிடம் போக வேண்டும். சாலையில் ஓட்டுகிறவர்களுக்கு இந்த ஆபத்து குறைவு, ஆனாலும் முதல் இரண்டு வகுப்புகளை அடக்கி மிதிப்பதில் நஷ்டம் ஒன்றுமில்லை.

டிரெய்னர்: துல்லியம் கூடுதல், துணை குறைவு

ஸ்மார்ட் டிரெய்னரில் பின்சக்கரத்தைக் கழற்றி உங்கள் சொந்த சைக்கிளையே மாட்டுகிறீர்கள். வகுப்போடு ஒப்பிடும்போது இதன் மிகப் பெரிய லாபம் இதுதான் என்பேன். அதே சீட், அதே ஹேண்டில்பார், அதே மிதி. ஸ்பின் சைக்கிளில் இரண்டு மிதிகளுக்கும் இடையிலான அகலம் பொதுவாகச் சாலை சைக்கிளைவிடக் கூடுதல், சீட்டும் வேறு மாதிரி. வாரம் ஒரு முறை என்றால் உடம்பு பொறுத்துக்கொள்ளும். வாரம் மூன்று முறை என்றால் முழங்கால் கேள்வி கேட்கும்.

இரண்டாவது லாபம் எண். 20 நிமிடம் முடிந்தவரை வலுவாக மிதித்து, அந்தச் சராசரியில் 95 சதவீதத்தை எடுத்துக்கொண்டால், ஏறத்தாழ ஒரு மணி நேரம் தாக்குப்பிடிக்கக்கூடிய வலு எவ்வளவு என்று ஒரு மதிப்பீடு கிடைக்கும். எஃப்டிபி என்று எல்லோரும் பேசுவது இதைத்தான். அது 200 வாட் என்றால், நீண்ட நேர லேசான பயிற்சிக்கு 110 முதல் 150 வாட், ஏற்றத்துக்கான தாக்குப்பிடிக்கும் பயிற்சிக்கு 180 முதல் 210 வாட் என்று பிரித்துக்கொள்ளலாம். வகுப்பில் பயிற்சியாளர் "பத்துக்கு எட்டு அளவு கஷ்டம்" என்று சொல்லும்போது உங்கள் எட்டும் என் எட்டும் வேறு வேறு. இங்கே அந்தக் குழப்பம் இல்லை.

ஒரு பொறி இருக்கிறது. டிரெய்னரை எர்க் முறையில் வைத்தால் சொன்ன வாட்டை அது பிடித்து வைத்துக்கொள்ளும். நீங்கள் மெதுவாக மிதித்தால் எதிர்ப்பைக் கூட்டும், வேகமாக மிதித்தால் குறைக்கும். களைப்பில் மிதி வேகம் குறையும்போது எதிர்ப்பு ஏறும், அதனால் மிதி இன்னும் மெதுவாகும், கடைசியில் கால் அப்படியே நின்றுவிடும். சாலை இப்படி நடந்துகொள்வதில்லை. அங்கே வலுவைச் சீராக வைத்துக்கொள்வது உங்கள் வேலை, கியர் மாற்றுவதும் உங்கள் வேலை. எப்போதும் எர்க்கிலேயே மிதித்தவர்கள் வெளியே முதல் ஏற்றத்தில் பாய்ந்துவிட்டுப் பாதியில் திணறுவதற்கு இது ஒரு காரணம். பாதிப் பயிற்சிகளையாவது அதை அணைத்துவிட்டுச் செய்யுங்கள்.

வெப்பத்தையும் லேசாக நினைக்க வேண்டாம். நாம் செலவழிக்கும் ஆற்றலில் 20 முதல் 25 சதவீதம்தான் மிதிக்குப் போகிறது, மீதி வெப்பம். மிதியில் 150 வாட் என்றால் உடம்பு 450 முதல் 600 வாட் வெப்பத்தை வெளியே தள்ளியாக வேண்டும். சாலையில் எதிர்க்காற்று அதை அள்ளிக்கொண்டு போகும். அறையில் காற்று அசையாது. அதே வாட்டுக்கு இதயத்துடிப்பு ஏறிக்கொண்டே போகும், பயிற்சி கெட்டுவிட்டது என்று நினைப்பீர்கள். நேராக முகத்துக்கும் நெஞ்சுக்கும் காற்றடிக்கிற பெரிய மின்விசிறி இல்லாமல் டிரெய்னர் வாங்க வேண்டாம். பலருக்கு உள்ளே எஃப்டிபி வெளியே இருப்பதைவிடக் குறைவாகவே வரும், அதில் வெப்பத்துக்குப் பெரிய பங்குண்டு. ஹேண்டில்பார் மேல் ஒரு துண்டும் போட்டுவிடுங்கள். வியர்வை உப்பு ஆணிகளையும் பேரிங்குகளையும் அரித்துவிடும்.

சரி, இவ்வளவு நல்லதென்றால் எல்லோரும் டிரெய்னரே வாங்கலாமே? வாங்குகிறார்கள். அதன் மேல் துணி காயப்போடுகிறார்கள். மெய்நிகர் சாலையில் உலகம் முழுவதிலிருந்தும் ஆட்கள் கூட மிதிக்கிற தளங்கள் வந்த பிறகு அலுப்பு குறைந்திருப்பது உண்மை. ஆனாலும் தனியாக, சொந்த வீட்டில், வேலை முடிந்து வந்து ஏறி உட்காருகிற ஆளா நீங்கள் என்பதை நீங்கள்தான் அறிவீர்கள். ஜிம்முக்குக் கட்டிய பணமே உங்களை இழுத்துப் போகவில்லை என்றால் வீட்டில் நிற்கிற இரும்பு இழுக்கும் என்று எதிர்பார்க்க முடியாது.

ரோலரைப் பற்றியும் கேட்பார்கள். மூன்று உருளைகள் மேல் சைக்கிளை வைத்து, எதிலும் பிணைக்காமல், சமன் செய்துகொண்டே மிதிப்பது. நேர்கோட்டில் ஓட்டவும் சீராக மிதிக்கவும் இதைவிட நல்ல ஆசிரியர் உள்ளே கிடையாது. ஆனால் ஏற்றத்துக்கான எதிர்ப்பைச் சாதாரண ரோலர் தராது. இரண்டாவது கருவியாக வாங்கலாம், முதலாவதாக வேண்டாம்.

சாலை மட்டுமே தருகிறவை

வளைவில் எந்தப் பக்கம் திரும்புகிறீர்களோ அந்தப் பக்கக் கையால் ஹேண்டில்பாரை லேசாக முன்னே தள்ளி சைக்கிளைச் சாய்ப்பது. வெளிப்பக்கப் பெடலைக் கீழே வைத்து அதில் எடையைப் போடுவது. வளைவுக்குள் நுழையும் முன்பே பிரேக் வேலையை முடிப்பது. தோளுக்குப் பின்னால் திரும்பிப் பார்க்கும்போது நேர்கோட்டை விட்டு விலகாமல் இருப்பது. ஒரு கையால் பாட்டிலை எடுத்துக் குடிப்பது. ஏற்றம் தொடங்கும் முன்பே கியரைக் குறைப்பது. இவற்றில் ஒன்றைக்கூட அசையாத சைக்கிளில் கற்க முடியாது. ஒவ்வொன்றும் உங்கள் வேகத்தையும் கூட்டும், பாதுகாப்பையும் கூட்டும். ஹேமனிடம் ஏற்கெனவே இருந்தவை இவைதான்.

சாலைக்குப் புதியவரை வகுப்புக்கு அனுப்பாதே என்று நான் சொல்வதன் காரணம் இதுதான். அவருக்கு முதல் சில மாதங்களில் வெறுமனே ஓட்டினாலே கால் வலு கூடும். கூடவே மேற்சொன்னவையும் வரும். வகுப்பில் அந்த நேரத்தைச் செலவழித்தால் வலு மட்டும் வரும், அந்த வலுவோடு வளைவுக்குள் கூடுதல் வேகத்தில் நுழைவார்.

கடினமான பயிற்சியைச் சாலையிலேயே செய்ய முடியாதா என்றால், வாய்ப்பிருந்தால் தாராளமாக. நான்கைந்து நிமிடம் இடைவிடாமல் ஏறக்கூடிய, போக்குவரத்து குறைந்த ஒரு ஏற்றம் பக்கத்தில் இருந்தால் அதில் நான்கு முறை ஏறி இறங்குவது எந்த வகுப்பையும்விட மேல். ஏற்றமும் பழகும், இறக்கமும் பழகும். அப்படிப்பட்ட ஏற்றம் இல்லாத, முக்கால் கிலோமீட்டருக்கு ஒரு சிக்னல் இருக்கிற இடத்தில் இருப்பவருக்குத்தான் வகுப்பும் டிரெய்னரும் தேவைப்படுகின்றன. இருட்டிலும் மழையிலும் முழு மூச்சாக மிதிக்கும்போது கவனம் சிதறும் என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள்.

வாரத்தை எப்படிப் பிரிப்பது

வாரம் மூன்று முறை மட்டுமே ஓட்ட முடிகிறவர் ஒரு வகுப்பு, ஒரு நீண்ட சாலைப் பயணம், ஒரு லேசான பயணம் என்று வைத்துக்கொள்ளலாம். நான்காவது நாள் கிடைத்தால் அதையும் லேசாகவே ஓட்டுங்கள். இங்கேதான் பலர் சறுக்குகிறார்கள். வகுப்பு பிடித்துப்போய் வாரம் மூன்று வகுப்பு, ஞாயிற்றுக்கிழமை குழுவோடு இன்னொரு அடிதடி. உயர்மட்ட வீரர்கள் எப்படிப் பயிற்சி எடுக்கிறார்கள் என்று ஆராய்ந்த ஸ்டீஃபன் சைலர் கண்டது, அவர்களுடைய பயிற்சிகளில் ஏறத்தாழ 80 சதவீதம் லேசானவை என்பது. கடினமானவை மீதி 20தான். நாம் அதைத் தலைகீழாகச் செய்கிறோம். இரண்டு கடினமான பயிற்சிகளுக்கு நடுவே 48 மணி நேரமாவது விட வேண்டும் என்றால், வாரத்தில் இரண்டுக்கு மேல் சரியாகப் பொருந்தாது. ஞாயிறு குழுப் பயணம் உங்களுக்குக் கடினமானது என்றால் அதுவே ஒன்று. வகுப்பு இரண்டாவது. மூன்றாவதுக்கு இடமில்லை.

வகுப்புதான் என்று முடிவெடுத்தால் உங்கள் சாலை சைக்கிளில் இரண்டு அளவுகளை எடுத்து எழுதிக்கொள்ளுங்கள்: மிதித்தண்டு சுற்றுகிற அச்சின் மையத்திலிருந்து சீட்டின் மேற்புறம் வரை, சீட்டின் முனையிலிருந்து ஹேண்டில்பார் வரை. ஸ்பின் சைக்கிளை அதற்கு நெருக்கமாக அமைக்கலாம். பெரும்பாலான ஜிம் சைக்கிள்களில் இரண்டு ஆணி கிளீட் (ஷூவின் அடியில் பொருத்தி அதைப் பெடலோடு பிணைக்கிற துண்டு) மாட்டுகிற பெடல்தான் இருக்கும். உங்கள் சாலை ஷூ மூன்று ஆணி வகை என்றால் அது பொருந்தாது, கேட்டுவிட்டுப் போங்கள். முடிந்தால் ஒவ்வொரு முறையும் அதே எண் சைக்கிளையே பிடியுங்கள். ஒரே அறையில் பக்கத்துப் பக்கத்து சைக்கிள்களே வெவ்வேறு வாட் காட்டும். அந்த எண்ணை உங்கள் டிரெய்னரோடோ நண்பரோடோ ஒப்பிட்டால் வீண் சண்டைதான். போன வார உங்களோடு ஒப்பிட்டால் உபயோகம் உண்டு.

முடிக்கும்போது திடீரென்று மிதிப்பதை நிறுத்தாதீர்கள், கால் பெடலோடு சுற்றிவிடும். பல சைக்கிள்களில் எதிர்ப்புக் குமிழைக் கீழே அழுத்தினால் பிரேக் பிடிக்கும்.

பலன் இருக்கிறதா என்று பார்க்க ஜிம் திரையை நம்ப வேண்டாம். 10 முதல் 20 நிமிடம் எடுக்கிற ஒரு ஏற்றத்தைத் தேர்ந்தெடுங்கள். தொடங்கும் முன் ஒரு முறை, ஆறு வாரம் கழித்து ஒரு முறை, காற்றில்லாத நாளில், ஓய்வெடுத்த காலோடு ஏறி நேரத்தைக் குறித்துக்கொள்ளுங்கள். அது குறைந்திருந்தால் வகுப்பைத் தொடருங்கள். அசையாமல் இருந்தால் வகுப்பை மாற்றுங்கள், அல்லது வாரத்தில் கடின நாட்கள் கூடிப்போயிற்றா என்று பாருங்கள். ஏற்றத்தில் நேரம் குறைந்தும் குழுவில் இன்னும் அறுந்துபோகிறீர்கள் என்றால் வகுப்பின் மேல் பழி போட வேண்டாம். உங்களைவிட அனுபவமுள்ள ஒருவரின் பின்சக்கரத்துக்குப் பின்னால், முதலில் ஒரு சைக்கிள் நீள இடைவெளியில், பழகத் தொடங்குங்கள்.

குறிப்பிட்ட ஒரு நெடும்பயணத்துக்கோ போட்டிக்கோ தயாராகிறீர்கள் என்றால் கடைசி நான்கைந்து வாரங்களில் வகுப்பை விட்டுவிட்டு அந்த நேரத்தைச் சாலைக்கே கொடுங்கள். அன்று போகப்போகிற பாதையைப் போன்ற ஏற்றம், அன்று போடப்போகிற ஷூ, அன்று சாப்பிடப்போகிற அதே உணவு, அதே இடைவெளியில்.